ஜட்ஜுக்கு ஒரு மெத்தை

எனக்கு நாய் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "பாவம், நாய் மேல அத்தனை பிரியம்" என்று யாராவது உச்சுக்கொட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பிரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

நாயின் பெயர் ஜட்ஜ். என் மாமனார் வைத்த பெயர். அவர் ஹைகோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். காலமெல்லாம் ஜட்ஜுகளுக்குக் கீழே உட்கார்ந்து, அவர்கள் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்து பழகிவிட்டாராம். ஒரு ஜட்ஜையாவது 'உட்கார்' என்று சொல்லிப் பார்க்க வேண்டும் என்று ஆசையாம். சித்திரக்குளத்துப் பக்கம் மழையில் நனைந்துகொண்டு கிடந்த குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, அன்றைக்கே பெயரும் வைத்துவிட்டார். நாட்டு நாய்தான். எந்தத் தலைமுறையிலோ கொஞ்சம் அல்சேஷன் கலந்திருக்க வேண்டும். வளர்ந்தபோது ஒரு ஆள் உயரத்துக்கு நீட்டிப் படுத்தது.

படுத்தது எங்கே என்கிறீர்கள்? மாமனாரின் படுக்கையில். என் மாமியார் எப்போதோ போய்விட்டாள். வாசல் அறையில் அவர் ஒருத்தர்தான். பழைய இலவம்பஞ்சு மெத்தை. நடுவில் பெரிய பள்ளம். அவர் ராத்திரி படுக்க வரும்போது நாய் முன்னாலேயே ஏறி முழு மெத்தையையும் அடைத்துக்கொண்டு கிடக்கும். "ஜட்ஜு, நகருடா" என்பார். அது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சுவரோரமாக நகர்ந்து பாதி இடம் கொடுக்கும். பாதிதான், அதற்கு மேல் ஒரு அங்குலம் கொடுக்காது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சறுக்கிப் பள்ளத்தில் ஒன்றாகக் கிடப்பார்கள். காலையில் எழுந்து இரண்டு பேரும் முதுகை வளைத்துக்கொண்டு நடப்பார்கள்.

"பத்ரி, இந்த மெத்தையைப் பிரிச்சு அடிக்கச் சொல்லேன். இல்லேன்னா புதுசா ஒண்ணு போடச் சொல்லு. முதுகு கொல்றது" என்று என் கணவரிடம் அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! என் கணவர் பத்ரிநாராயணன் ரொம்ப நல்லவர். யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லவே தெரியாது. "அடுத்த மாசம்ப்பா" என்பார். அந்த அடுத்த மாசம் சில வருஷம் நடந்தது. நானும் நடுவில் சொல்லிப் பார்த்தேன். தி.நகரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, சமையலும் பண்ணிவிட்டு, மெத்தையைப் பற்றி வேறு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

தை மாதம் மாமனார் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்தப் பள்ளத்தில்தான். கண்ணை மூடின படுக்கையை வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கு இல்லை, அன்றைக்கே போய்விட்டது. நாய் இரண்டு நாள் வெறும் கட்டிலின் கீழே படுத்துக்கொண்டு யாரையும் கிட்டே விடவில்லை.

பன்னிரண்டாம் நாள் தானம் கொடுக்க வேண்டும். குடை, செருப்பு, சொம்பு, கூடவே ஒரு படுக்கை. போனவருக்கு இங்கே புரோகிதம் பண்ணுகிற வாத்தியார் கையில் கொடுத்தால் அங்கே போய்ச் சேரும் என்று நம்பிக்கை. வழக்கமாக இதற்கென்றே குளத்தங்கரைப் பக்கம் ஒரு மெத்தை விற்பார்கள். மெத்தை என்று பெயர்தான், வெயிலில் காயப்போட்ட அப்பளம் அதைவிடத் தடிமனாக இருக்கும். எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். என் கணவர் வாங்கவில்லை. ஜாம்பஜாரில் அப்துல் கஃபார் பாய் கடைக்கு நேரே போய் உட்கார்ந்துவிட்டார். அடியில் கெட்டியாகத் தேங்காய் நார், மேலே புதுப் பஞ்சு, நெருக்க நெருக்க முடிச்சு. நீலக் கோடு போட்ட துணி ஒரு மூலைக்குப் போதவில்லை. பாய் அங்கே மட்டும் காவிப்பூப் போட்ட ஒரு துண்டை வைத்துத் தைத்துவிட்டார். அதற்கும் என் கணவர் சண்டை போட்டார். வாழ்க்கையில் அவர் கடைக்காரரோடு சண்டை போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மெத்தை வீட்டுக்கு வந்ததும் நான் அழுத்திப் பார்த்தேன். முழு ஆள் விழுந்தாலும் அமுங்கி நிமிரும் போலிருந்தது.

"உசிரோட இருந்தப்போ கேட்டாரே. அப்போ எங்கே போச்சு இந்தப் பாய் கடை?" என்று சமையலறையில் கேட்டுவிட்டேன்.

அவர் குரல் உடைந்துபோய், "இனிமேலாவது முதுகு வலிக்காம தூங்கட்டும் ஜெயா" என்றார். நான் புளியைக் கரைக்கத் திரும்பினேன்.

வேம்பு சாஸ்திரிகள் மந்திரம் சொல்லி அந்த மெத்தையை வாங்கிக்கொண்டு போனார். எங்கள் குடும்ப வாத்தியார். நல்ல மனுஷர், கொஞ்சம் மறதி.

அதிலிருந்து என் கணவர் வேறு ஆளாகிவிட்டார். வருஷம் முடிகிறவரை தலைதீபாவளி கொண்டாடுகிற வீட்டுப் பக்கம் கூடப் போவதில்லை, வெளியில் காபி இல்லை, வீட்டில் ஒரே மடி. சாஸ்திரம் ஒன்று சொன்னால் இவர் அதற்கு மேல் ஒன்று. நாயைத் தொட்டால் குளிக்க வேண்டும், அதனால் தொடுவதே இல்லை. ஜட்ஜ் வாசல் அறையிலிருந்து கொல்லைப்பக்கத்து வராந்தாவுக்கு மாற்றலானது. தினமும் சமையலறைக் கதவுப்படியில் நின்றுகொண்டு, "சாப்பிட்டானா?" என்று என்னைக் கேட்பார். நாய்க்கு வாயில்லை, எனக்கு இருக்கிறதே. "நீங்களே கேட்டுக்கோங்கோ" என்பேன்.

ஆடி மாசத்தில் அதற்கு இடுப்பு போய்விட்டது. முன்னங்கால் இரண்டும் நன்றாக இருக்கிறது, பின்னங்கால் இழுக்கிறது. கண்ணில் வேறு புரை. வயசாகிவிட்டது, வேறென்ன. முதலில் தட்டுத் தடுமாறி எழுந்து கொல்லையில் ஒன்றுக்குப் போய்விட்டு வரும். அப்புறம் அதுவும் போய், கிடந்த இடத்திலேயே எல்லாம் என்றாகிவிட்டது. சிமெண்டுத் தரையில் ஒரே பக்கமாகக் கிடந்து கிடந்து, இடுப்பெலும்பு துருத்துகிற இடத்தில் புண் வைத்துவிட்டது. ராத்திரியெல்லாம் முனகல். நான்தான் எழுந்துபோய்ப் புரட்டிப் போட வேண்டும். கொஞ்சம் தூங்குவேன், மறுபடி முனகும். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே கண் சொருகிப்போனேன். பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

அடையாற்றிலிருந்து ஒரு மாட்டு டாக்டரை வரவழைத்தேன். அவர் புண்ணைச் சுத்தம் பண்ணிவிட்டு எழுந்து கையைக் கழுவிக்கொண்டார்.

"மருந்தால மட்டும் ஆறாதும்மா. படுக்கைதான் மருந்து. ரொம்ப மெத்துன்னு இருந்தா அமுங்கித் தரை தட்டும். ரொம்பக் கட்டியா இருந்தா எலும்பு குத்தும். அமுங்கணும், ஆனா தரை தட்டக் கூடாது. ஈரம் ஆகவே ஆகாது. நான் தீபாவளிக்கு ஊருக்குப் போறேன். திரும்பி வந்து பார்க்கிறேன்."

"அதுக்குள்ள ஆறலேன்னா?"

"எலும்பு வெளியில தெரிஞ்சுதுன்னா, அதைக் கஷ்டப்படுத்தக் கூடாதும்மா. ஒரு ஊசி போட்டுடலாம். வலிக்காது."

என் கணவர் கதவுப்படியில்தான் நின்றுகொண்டிருந்தார். ஊசி என்றதும் உள்ளே போய்விட்டார். அப்புறம் வந்து, "அப்பா போற அன்னிக்கு முதல் நாள் கூட, ஜட்ஜைப் பார்த்துக்கோடான்னார்" என்றார். பார்த்துக்கொள்ளச் சொன்னது இவரை. பார்த்துக்கொள்வது நான். இதுதான் எங்கள் வீடு.

ஆக, ஒரு மெத்தை. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! என் பழைய நூல்புடவைகளை அடுக்கி, அடியில் கோணிப்பை போட்டேன். ஒரே நாளில் சுருண்டுகொண்டு நடுவில் குவிந்து, நாய் மறுபடி சிமெண்டில். மாமனாரின் வெறும் கயிற்றுக் கட்டிலைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். காலைக் கயிற்றின் சந்தில் விட்டுக்கொண்டு அது கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு மாமி சுவர் மேல் எட்டிப் பார்த்தாள். பெங்களூரில் வேலை பார்க்கிற என் பெண் ஸ்ரீரஞ்சனிக்கு விஷயம் தெரிந்து போன் பண்ணினாள். "அமெரிக்காவுல நாய்க்குன்னே மெத்தை விக்கறாளாம்மா." நான் போனை வைத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தேன். தீபாவளிக் கூட்டம். ஊரே பட்டுப்புடவைப் பையோடு எதிரே வர, நான் மட்டும் நாய்க்கு மெத்தை தேடிக்கொண்டு போனேன்.

கடைக்காரர், "யாருக்கும்மா, குழந்தைக்கா?" என்றார்.

வாய் சும்மா இருக்காமல், "ஜட்ஜுக்கு" என்றேன்.

அவ்வளவுதான், மனுஷர் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்துவிட்டார். ஐயாவுக்கு முதுகு எப்படி, எந்தப் பக்கம் ஒருக்களிப்பார் என்று விசாரணை. "ஒருக்களிக்கறதெல்லாம் இல்லை, நான்தான் புரட்டணும்" என்றேன். அவர் முகம் வாடிப்போய், "கடவுள் இருக்காரும்மா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நாய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஃபோம் மெத்தை ஒன்றைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் மயிலாப்பூர் வரை நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

ஃபோம் முதல் நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மூத்திரத்தையெல்லாம் குடித்துவிட்டு, பிழிந்தால் வடிகிற நிலைமைக்கு வந்தது. நாயின் கனத்தில் அமுங்கித் தரையும் தட்டியது. புண் இன்னும் ஆழமாகிவிட்டது. நான் அதைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, கிணற்றுக்கட்டையில் உட்கார்ந்துகொண்டு, "செத்துத் தொலையேன்" என்று அதன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அது வாலை ஒரு தட்டுத் தட்டியது. திட்டுகிறேன் என்று கூடத் தெரியவில்லை அதற்கு.

கடைசியில் கஃபார் பாய் கடைக்கே போனேன். எதிரே பஞ்சு மூட்டை மலையாகக் கிடந்தது. அவர் தலையில், மீசையில் எல்லாம் பஞ்சு.

"கண்ணாலச் சீசன்மா. கார்த்திகை தாண்டினா தான் கை காலியாவும்" என்றார். "இன்னாத்துக்குமா வேற? பெரியவருக்குன்னு ஐயா குந்திக்கினு போட்டுக்கினு போனாரே, அது இன்னா ஆச்சு? பத்து வருசம் தாங்குமே அது!"

"அது தானம் கொடுத்தாச்சு பாய்."

"அப்டியா? சரி வுடு. யாரோ நல்லா தூங்கிக்கினு கீறாங்க."

அந்த மாசம் மாசிகம் வந்தது. ஒருத்தர் போய் வருஷம் முடிகிறவரைக்கும் மாசாமாசம் அவருக்குச் செய்கிற திதி. அன்றைக்கு நாய் கண்ணில் படக்கூடாது, எச்சிலில் வாய் வைக்கக்கூடாது. ஜட்ஜால் எழுந்து வந்து யார் எச்சிலில் வாய் வைக்க முடியும்? இருந்தாலும் வராந்தாவில் ஒரு படுதாவைக் கட்டி மறைத்தேன். எல்லாம் முடிந்து, கை அலம்பக் கொல்லைக்கு வந்த வேம்பு சாஸ்திரிகள் படுதாவை விலக்கிப் பார்த்துவிட்டார்.

"ஐயையோ, என்னம்மா இது, ஜட்ஜ் சார் இப்படி ஆயிட்டாரே!"

அலுப்பில் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். புண், ஊசி, ஃபோம், கார்த்திகை தாண்டி வரச் சொன்ன பாய்.

"இதுக்கா கவலைப்படறேள்? எங்காத்து மச்சுல தானம் வந்த படுக்கையா அடுக்கியிருக்கு. எல்லாம் அப்பளம். ஒண்ணே ஒண்ணு மட்டும் நல்ல கெட்டி. தங்கம் அதுல படுத்துப் பார்த்தா, உசரமா இருக்கு, உருண்டு விழுந்துடுவேனோன்னு பயமா இருக்குங்கறா. சாயங்காலம் அனுப்பறேன்." தங்கம் அவருடைய மனைவி.

சாயங்காலம் ஆட்டோவில் வந்தது. சுருட்டிக் கட்டியிருந்தது. தூக்கும்போதே கனம் கையில் தெரிந்தது. கயிற்றை அவிழ்த்து விரித்தேன். நீலக் கோடு. நெருக்க நெருக்க முடிச்சு. ஒரு மூலையில் காவிப்பூ.

பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன். தானம் கொடுத்ததைத் திரும்பி வாங்கிக்கொள்ளக் கூடாது, அதற்கு மேல் பாவம் கிடையாது என்பது எனக்கும் தெரியும். இவரிடம் சொன்னால் அந்த நிமிஷமே ஆட்டோவைத் திருப்பி அனுப்புவார். அப்புறம் மறுபடி சிமெண்டு, முனகல், ஊசி. நான் கொஞ்ச நேரம் அந்தக் காவிப்பூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் உள்ளே போய் ஒரு ரப்பர் ஷீட்டும் பழைய பெட்ஷீட்டும் கொண்டுவந்து, நாலு மூலையும் உள்ளே மடித்துச் செருகினேன்.

ஜட்ஜை அணைத்துத் தூக்கி அதில் விட்டேன். முகர்ந்தது. முன்னங்காலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தது. பெருமூச்சு ஒன்று விட்டுத் தலையைச் சாய்த்தது. அன்றைக்கு அது முனகவில்லை. நானும் விடிகிறவரைக்கும் தூங்கினேன். எழுந்தபோது எனக்கு எந்த ஊர், என்ன கிழமை என்றே புரியவில்லை. அப்படி ஒரு தூக்கம்.

"மெத்தை ஏது?" என்று கதவுப்படியிலிருந்து கேட்டார் இவர்.

"வாத்தியார் அனுப்பினார்."

"நல்ல மனுஷன்" என்றார்.

பொய் சொல்லவில்லையே நான்.

புண் ஓரங்களில் காயத் தொடங்கியது. ரோஸாகப் புதுத் தோல் தெரிந்தது. ஜட்ஜ் தட்டை நக்கிச் சாப்பிட்டது. எனக்கும் முகம் தெளிந்திருப்பதாக ஸ்டாஃப் ரூமில் சொன்னார்கள். ரப்பர் ஷீட்டை அலம்பி, பெட்ஷீட்டைத் தோய்த்து, மாற்றி மாற்றிப் போட்டேன். மூலை வெளியில் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். தீபாவளி போயிற்று. எங்களுக்குத்தான் பண்டிகை கிடையாதே. தெருவில் வெடித்த வெடிக்கெல்லாம் கூட ஜட்ஜ் கண்ணைத் திறக்கவில்லை.

அடுத்த மாசிகம் அடாத மழையில் வந்தது. மெட்ராஸைச் சென்னை என்று மாற்றின வருஷம். பெயர் மாறினதே தவிர, மழை பெய்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பது மாறவில்லை. மறுநாள் டாக்டர் வருவதாகச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். விடிந்ததும் பார்த்தால் ஜட்ஜ் பெட்ஷீட்டை நனைத்து வைத்திருந்தது. உருவி எடுத்துவிட்டேன். ரப்பர் ஷீட்டையும் அலம்பிக் கொடியில் போட்டேன். மாற்றுவதற்கு வேறு ஒன்று காய்ந்திருக்கவில்லை. இஸ்திரி போட்டு ஒன்றைக் காய வைக்கலாம் என்று உள்ளே போனேன். பால் பொங்கிக்கொண்டிருந்தது. திதிச் சமையலுக்கு நான் குளிக்க வேண்டும். குளித்துவிட்டு அடுப்பு மூட்டினேன். மறந்தே போனேன்.

இவர் கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈர வேஷ்டியோடு வராந்தா வழியாக வந்திருக்கிறார்.

"ஜெயா" என்று கூப்பிட்டார். சத்தமாகக் கூட இல்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

திதிக்காக நான் கட்டியிருந்த படுதா காற்றில் ஒதுங்கியிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு காவிப்பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நம்மாத்து மெத்தை."

"வாத்தியார் ஆத்து மெத்தை. நாம குடுத்தாச்சு, அவர் மறுபடி குடுத்தார்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் முகம் வெளுத்துப்போனது. "கொடுத்த தானத்தைத் திரும்பி எடுத்துண்டா ஓணானாப் பொறக்கணும்டி!"

"பொறக்கறேன். ஓணானுக்குச் சமையல் இல்லை, பஸ் இல்லை. நிம்மதியா வேலி மேல உட்கார்ந்திருப்பேன்."

அந்த நேரம் பார்த்து வேம்பு சாஸ்திரிகள் குடையை மடக்கிக்கொண்டே நேராகக் கொல்லைக்கு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் குடை கையில் அப்படியே நின்றது.

"ஈஸ்வரா! வர்றது எத்தனை படுக்கை, யாராத்துது எதுன்னு நான் எங்கே கண்டேன்? நல்லதுன்னு நினைச்சு அனுப்பிட்டேனே பத்ரி." கொஞ்சம் யோசித்தார். "இப்பவும் ஒண்ணும் குடி முழுகிப் போயிடலை. நான் திருப்பி எடுத்துண்டு போயிடறேன். ஆட்டோ வாசல்லதான் நிக்கறது."

"எடுத்துண்டு போங்கோ" என்றார் இவர்.

எனக்கு அத்தனை மாசத்துக் களைப்பும் ஒன்றாகச் சேர்ந்து தலைக்கு ஏறியது. "நாளைக்கு டாக்டர் வரார். புண் இப்பத்தான் மூடிண்டு வரது. இன்னிக்கு இதைப் பிடுங்கினா, அடுத்த தடவை அவர் ஊசியோடதான் வருவார். ஊசி போடறச்சே நீங்களே பிடிச்சுக்கோங்கோ. நான் பக்கத்துல நிக்க மாட்டேன். என்னால முடியலை."

"அப்பா அங்கே வெறுந்தரையில படுத்துண்டிருப்பாரேடி! அவர் படுக்கைடி இது!"

"இங்கே அத்தனை வருஷம் பள்ளத்துல படுத்துண்டிருந்தாரே. அப்போ?"

சொல்லியிருக்கக் கூடாது. வேம்பு சாஸ்திரிகள் தரையைப் பார்த்தார். இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் படுதாவை முழுக்க விலக்கிக்கொண்டு உள்ளே போய், குனிந்து, மெத்தையின் மூலையைக் கையில் பிடித்தார். பத்து மாசம் கழித்து அன்றைக்குத்தான் அவர் நாய்க்கு அவ்வளவு கிட்டே போனார். ஜட்ஜ் நடுவில் நீட்டிக்கொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தது. அது மேலே கிடக்கும்போது மெத்தையை எப்படி உருவுவது?

"ஜட்ஜு" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஜட்ஜு, நகருடா."

அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே குரல். கல்யாணமாகி வந்த புதிதில் நானே ஏமாந்திருக்கிறேன்.

ஜட்ஜ் கண்ணைத் திறந்தது. புரை விழுந்த கண், யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. காதை மட்டும் தூக்கியது. ஒரு பெருமூச்சு விட்டது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றியது. இடுப்பு இழுபட இழுபட, அங்குலம் அங்குலமாகச் சுவரோரத்துக்குத் தன்னை இழுத்துக்கொண்டு போனது. நடுவில் மூச்சு வாங்க நின்றது. மறுபடி இழுத்தது. பாதி மெத்தை காலியானதும் தலையைக் கீழே வைத்துக்கொண்டு வாலை ஒரு தட்டுத் தட்டியது.

இடம் விட்டுவிட்டு அது காத்துக்கொண்டிருந்தது.

யாருக்கு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆமாம், துடைத்துக்கொண்டேன், அதற்கென்ன இப்போது?

இவர் மூலையை விட்டுவிட்டார். அப்படியே மண்டி போட்டார். மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தார். அப்புறம், வருஷம் பூராவும் நாய் நிழல் பட்டால் குளித்த மனுஷர், மெல்லக் காலை நீட்டி அந்தக் காலிப் பாதியில் மல்லாந்து படுத்தார். முதுகு மெத்தையில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"முதுகுக்கு நன்னாத்தான் இருக்கு ஜெயா" என்றார். அதைச் சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி விசித்து விசித்து அழுதார். ஜட்ஜ் மோவாயை நகர்த்தி அவர் கைமேல் வைத்துக்கொண்டது.

நான் வேம்பு சாஸ்திரிகளைப் பார்த்து, "ஆட்டோ நிக்கறதே மாமா, எடுத்துண்டு போகலையா?" என்றேன்.

"எதை?" என்றார் அவர். குடையை விரித்துக்கொண்டு ஆட்டோவை அனுப்பிவிட்டு வரப் போனார்.

நான் அங்கேயே நின்றேன். இவர் எழுந்ததும் மறுபடி குளிக்க வேண்டும். நானும் குளிக்க வேண்டும். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. ஈர வேஷ்டி மெத்தையில் ஊறிக்கொண்டிருந்தது. ஈரமே ஆகாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். "ஏன்னா, மெத்தை நனையறது, எழுந்திருங்கோ" என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும் என்று, இரண்டு பேருக்கும் துடைக்கத் துண்டு எடுத்து வைத்துவிட்டு, வெந்நீர் போட உள்ளே போனேன்.